சோழச் சக்கரவர்த்தியைச் சிறையிட்ட காடவர்கோன்

சுங்கை சிப்புட் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி இந்தப் பல்கலைக்கழகம் வரை, சோழர் என்றால் நமக்குக் கடாரம்தான். ஏறக்குறைய 1025ஆம் ஆண்டில் இராசேந்திரன் கடல் கடந்து வந்த கதையை மேடைதோறும் கேட்டு வளர்ந்தோம். அதே சோழ மரபில் வந்த ஒரு பேரரசன், இருநூறு ஆண்டுகள் கழித்து, தனக்குத் திறை செலுத்த வேண்டிய ஒரு சிற்றரசனின் கோட்டையில் கைதியாகக் கிடந்தான் என்பதை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. அவனைச் சிறையிட்டவர் கோப்பெருஞ்சிங்கன்.

இவர் காடவர் குலத்தவர். தம்மைப் பல்லவர் வழியினர் என்று சொல்லிக்கொண்ட இக்குலத்தார், தலைமுறை தலைமுறையாகச் சோழருக்குப் படைத்துணை நின்றவர்கள். நடுநாட்டில் பாடிகாவல் உரிமை பெற்றவர்கள். ஊரைக் காப்பதும் அதற்குரிய வரியைப் பெறுவதும் அவர்கள் கையில் இருந்தன. மூன்றாம் குலோத்துங்கன் காலத்திலேயே இத்தகைய தலைவர்கள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்து, அவற்றைக் கோயிற் சுவர்களில் வெட்டி வைத்தனர். ஒருவரையொருவர் காக்கத் தமக்குள்ளேயே சபதம் செய்துகொள்ளும் அளவுக்கு அரசனின் பிடி தளர்ந்திருந்தது என்றே இதைக் கொள்ள வேண்டும்.

1216இல் பட்டத்திற்கு வந்த மூன்றாம் இராசராசன் வலிமையற்றவன். பாண்டியர் தஞ்சையையும் உறந்தையையும் எரித்துவிட்டுப் பிறகு நாட்டைத் திருப்பித் தந்த அவமானத்தைச் சோழர் குடி அப்போதுதான் கண்டிருந்தது. கோப்பெருஞ்சிங்கன் காத்திருந்த நேரமும் அதுவே. தெள்ளாற்றுப் போரில் இராசராசனை வென்று, அவனைச் சேந்தமங்கலத்தில் அடைத்தார். வயலூர்க் கல்வெட்டு இதை வெற்றியாகப் பாடுகிறது.

மறுபக்கக் கதையைக் கடலூருக்கு அருகிலுள்ள திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டில் காணலாம். செய்தி கேட்ட போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன், சோழ அரசை மீண்டும் நிறுவியவன் என்ற பெயரைப் பெறாமல் வெற்றிக் காளம் ஊதுவதில்லை என்று சூளுரைத்துத் துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டான். அவனுடைய தண்டநாயகர்களான அப்பண்ணனும் சமுத்திர கோப்பையனும் காடவரின் ஊர்களை அழித்துக்கொண்டே வந்தனர். இடையில் தில்லையில் பொன்னம்பலத்தை வணங்கவும் தவறவில்லை. சேந்தமங்கலத்தை நெருங்கிய பிறகு காடவர் இறங்கிவந்தார். 1231இல் இராசராசன் விடுதலை பெற்றான். காடவர் கோயில்களை இடித்தார் என்ற குற்றச்சாட்டும் இக்கல்வெட்டில்தான் உள்ளது. பகைவர் வெட்டிய கல் என்பதை நினைவிற்கொண்டே அதைப் படிக்க வேண்டும்.

கிட்டத்தட்ட இதே காலத்தில் இங்கிலாந்திலும் இப்படியொன்று நடந்தது. 1264இல் சைமன் டி மான்ட்ஃபோர்ட் என்ற பிரபு, லூயிஸ் போரில் மூன்றாம் ஹென்றியைப் பிடித்து, அவன் பெயராலேயே ஆட்சி நடத்தினான். நகரப் பிரதிநிதிகளையும் அழைத்து மன்றம் கூட்டினான். மறு ஆண்டே ஈவ்ஷாம் போரில் கொல்லப்பட்டான். நம் காடவர்கோன் மன்றம் எதையும் கூட்டவில்லை. ஆனால் உயிரோடு இருந்தார், படையோடும் இருந்தார்.

1243 முதல் கல்வெட்டுகளில் தம் பெயரிலேயே ஆட்சியாண்டு எண்ணத் தொடங்கினார். சகலபுவனச் சக்கரவர்த்தி என்ற பட்டமும் சூடிக்கொண்டார். சோழனைச் சிறையிட்டவரும் இவரும் தந்தையும் மகனும் என்று கூறும் அறிஞர்களும் உண்டு. அப்படியே ஆயினும், அரசனைக் கைதியாக்கிய குடி தானே அரசாகப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தது என்பதில் மாற்றமில்லை.

போர்வீரர் என்று மட்டும் இவரை எண்ணிவிடக் கூடாது. பரதம் வல்ல பெருமாள் என்பதும் இவர் பட்டங்களுள் ஒன்று. தில்லையின் கிழக்குக் கோபுரம் இவர் எழுப்பியது. அதன் வாயிலில் பரதக் கரணங்கள் சிற்பமாய் நிற்கின்றன. கோயிலை இடித்தவர் என்று பகைவர் சொன்னவரின் கொடை இது! 1262இல் ஆந்திரத்துத் திரிபுராந்தகத்திலும் திராட்சாராமத்திலும் கூட இவர் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன.

எனினும் 1251இல் முடிசூடிய சடாவர்மன் சுந்தரபாண்டியன், பின்னர் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு யானை, குதிரை, பொருள் அனைத்தையும் கவர்ந்து, நாட்டை மட்டும் திருப்பித் தந்தான். ஒரு காலத்தில் சோழனுக்குப் பாண்டியர் செய்தது இப்போது காடவருக்கும் நேர்ந்தது. 1279ஐ ஒட்டிக் கோப்பெருஞ்சிங்கனின் கல்வெட்டுகள் நின்றுபோகின்றன. கடைசிச் சோழனான மூன்றாம் இராசேந்திரனின் கல்வெட்டுகளும் அதே ஆண்டளவில் முடிகின்றன. இருவர் நிலமும் பாண்டியரிடம் போயிற்று.

உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே சேந்தமங்கலம் இன்றும் சிற்றூராக இருக்கிறது. ஆபத்சகாயேசுவரர் கோயில் அங்கேதான் உள்ளது.