கேப்டன் லட்சுமியைப் பெற்ற அம்மு சுவாமிநாதன்

அம்மு சுவாமிநாதன் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. 1894-ல் பாலக்காடு பக்கம் ஆனக்கரையில் பிறந்தார். 13, 14 வயசிலேயே கல்யாணம். மாப்பிள்ளை ரொம்ப மூத்தவர், சென்னையில் வக்கீல். ஆனா நல்ல மனுஷன், மனைவியை வீட்டிலேயே வாத்தியார் வைத்துப் படிக்க வைத்தார். 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கினவர்களில் அம்முவும் ஒருவர். நம்ம குழுக்களுக்கெல்லாம் அது பாட்டி முறை.

மகள் லட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டராகி, 1940-ல் சிங்கப்பூர் போனார். 1942-ல் அந்த ஊர் ஜப்பான்காரர் கைக்குப் போச்சு. கடுதாசி வர வழியில்லை. அதே வருஷம் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் அம்மு ஜெயிலுக்குப் போனார். 1943-ல் மகள் வைத்தியத்தை விட்டு, நேதாஜியின் ஜான்சி ராணி படைக்குத் தலைமை ஏற்றார். மலேயாவில் ரப்பர் பால் வெட்டின தமிழ்ப் பெண்கள் அதில் நிறைய பேர்.

நம்ம பட்டினத்தில் பிரெஞ்சு பட்டாளத்துக்குச் சொல்தாவாப் பிள்ளையை அனுப்பின வீடுகள் உண்டு. தெருவில் பெருமையாச் சொல்லிக்குவாங்க, ராத்திரி தூக்கம் வராது. எங்க குழு அக்கா ஒருத்தர் மகள் காலேஜை விட்டு ராணுவத்துக்குப் போறேங்குது. அக்கா அப்படித்தான் இருக்காங்க. அம்மு பாடு இன்னும் கஷ்டம். அவர் மகளை அரசாங்கமே எதிரியா நினைச்சது.

1945-ல் பர்மாவில் பிடிபட்ட லட்சுமி, 1946-ல் ஊர் திரும்பினார். அந்த வருஷமே அம்மு அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். 1952-ல் திண்டுக்கல் எம்.பி. 1978-ல் காலமானார். இப்போ பலருக்கு அவர் கேப்டன் லட்சுமியின் அம்மா என்றால்தான் தெரியும்.