இரு தரப்புக்கும் பீரங்கி விற்ற கோடீசுவரர்!

ஒரு விமானம் வந்து இறங்குகிறது. அதிலிருந்து ஒரு பெரிய மனிதர் இறங்கி வருகிறார். தாடி வைத்திருக்கிறார். தலையில் தொப்பி, கையில் தடி. நேரே அந்த நாட்டின் தளபதியைப் பார்க்கப் போகிறார். பக்கத்து நாட்டோடு சண்டை வரப் போகிறதே, பீரங்கி வேண்டாமா என்று கேட்கிறார். தளபதி சம்மதிக்கிறார். விலை படிகிறது. பணத்தை மாதத் தவணையில் கொடுத்தால் போதும்.

பெரியவர் மறுபடியும் விமானத்தில் ஏறுகிறார். எங்கே போகிறார் தெரியுமா? அந்தப் பக்கத்து நாட்டுக்கே! அங்கேயும் ஒரு தளபதி இருக்கிறார். அங்கேயும் அதே பேச்சு, அதே பீரங்கி, அதே தவணை.

இது ஒரு படக்கதையில் வரும் காட்சி. பெல்ஜியம் நாட்டு ஓவியர் ஹெர்ஜே வரைந்த டின்டின் கதைகளில் ஒன்று அது. பெயர், 'உடைந்த காது'. காட்சிசாலையில் இருந்து காணாமல் போன ஒரு மரச்சிலையைத் தேடி, டின்டின் என்ற இளம் நிருபர் தன் வெள்ளை நாயோடு தென் அமெரிக்காவுக்குப் போகிறான். போன இடத்தில் ஒரு யுத்தத்தில் மாட்டிக் கொள்கிறான்.

கதையில் அந்த ஆயுத வியாபாரியின் பெயர் பேசில் பசாரோப்.

நிஜத்திலும் ஒருவர் இருந்தார். அவர் பெயர் பேசில் ஜகாரோப். ஓவியர் பெயரைக்கூட அதிகம் மாற்றவில்லை. கதை வெளிவந்த காலத்தில் ஜகாரோப் உயிரோடுதான் இருந்தார்!

தீயை வைத்துப் பேரம்

ஜகாரோப் 1849-ம் ஆண்டு பிறந்தார். ஊர், துருக்கி சாம்ராஜ்யத்தில் இருந்த முக்லா. குடும்பம் கிரேக்கக் குடும்பம். சில காலம் ருஷியாவில் குடியிருந்தபோது, குடும்பப் பெயரை ருஷியப் பெயர் போல மாற்றிக் கொண்டார்கள். பிறகு கான்ஸ்டான்டிநோபிள் நகருக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று இஸ்தான்புல் என்று சொல்கிறோமே, அந்த நகரம்தான்.

வீட்டில் வறுமை. பையன் கிடைத்த வேலையைச் செய்தான். கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினான். தீ அணைக்கும் கூட்டத்திலும் சேர்ந்தான் என்று சொல்வார்கள். அந்த நகரில் வீடுகள் மரத்தால் கட்டியவை. அடிக்கடி தீப்பிடிக்கும். தீ அணைக்க வந்தவர்கள் உடனே தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். வீட்டுக்காரரிடம் முதலில் பேரம் பேசுவார்கள். வீடு எரிய எரிய விலை ஏறும்! பின்னாளில் ஜகாரோப் செய்த வியாபாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் இருந்திருக்க முடியாது.

இளைஞரான பிறகு லண்டனுக்குப் போனார். 1873-ம் ஆண்டு அங்கே ஒரு வழக்கில் சிக்கினார். ஒரு வியாபாரியின் சரக்கை முறைதவறிக் கையாண்டதாகக் குற்றச்சாட்டு. 100 பவுன் திருப்பித் தரவேண்டும், ஊரை விட்டுப் போகக்கூடாது என்ற நிபந்தனையில் விடுதலை கிடைத்தது. ஜகாரோப் கிரீஸ் நாட்டுத் தலைநகர் ஏதென்சுக்குப் போய்விட்டார்.

அங்கே அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. ஸ்கூலுதிஸ் என்ற அரசியல்வாதி அவருக்கு நண்பரானார். சுவீடன் நாட்டு நார்டன்பெல்ட் துப்பாக்கிக் கம்பெனிக்கு ஒரு ஏஜெண்டு தேவைப்பட்டது. ஸ்கூலுதிஸ் சிபாரிசு செய்தார். 1877-ல் வேலை கிடைத்தது. வாரச் சம்பளம் 5 பவுன். அப்போது ஜகாரோப்பின் வயது 28.

மூழ்கத் தெரியாத நீர்மூழ்கி

நார்டன்பெல்ட் கம்பெனி ஒரு புதுமையான சாமானைச் செய்தது. அது நீர்மூழ்கிக் கப்பல். காரெட் என்ற ஆங்கிலப் பாதிரியார் போட்டுக் கொடுத்த திட்டம் அது. நீளம் சுமார் 64 அடி. நீராவியில் ஓடும்.

தண்ணீருக்குள் நெருப்பு எப்படி எரியும்? எரியாது. அதனால் மூழ்குவதற்கு முன் நெருப்பை மூடிவிட வேண்டும். பிறகு, தேக்கி வைத்த வெந்நீரின் ஆவியில்தான் ஓட வேண்டும். உள்ளே இருப்பவர்கள் புழுங்கிப் போவார்கள். அதுமட்டும் அல்ல. கப்பல் நேராக நிற்காது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்தால், கப்பலும் அந்தப் பக்கம் சாயும். தராசுத் தட்டு மாதிரி மேலும் கீழும் ஆடும்.

பெரிய நாடுகள் அதைப் பார்த்தன. வாங்கவில்லை. ஜகாரோப் சின்ன நாட்டைத் தேடினார். தம் இனத்தவரின் நாடான கிரீசுக்கே போனார். சுலபமான தவணையில் தருவதாகச் சொன்னார். 1886-ல் கிரீஸ் ஒரு கப்பல் வாங்கியது.

கிரீசின் பரம எதிரி யார்? துருக்கி. ஜகாரோப் அடுத்து அங்கே போனார். எதிரியிடம் நீர்மூழ்கி வந்துவிட்டது, உங்களிடம் இல்லையே என்று பயத்தைக் கிளப்பினார். துருக்கி இரண்டு கப்பல் வாங்கியது.

துருக்கியின் எதிரி யார்? ருஷியா. இப்போது துருக்கியிடம் இரண்டு இருக்கிறதே என்ற பேச்சு அங்கே எடுபட்டது. ருஷியாவுக்கும் ஒரு கப்பல் தயாரானது. ஆனால் அது ருஷியாவுக்குப் போய்ச் சேரவில்லை. 1888-ல் வழியிலேயே டென்மார்க் கரையில் தரை தட்டியது. ருஷியா பணம் தர மறுத்துவிட்டது.

இந்தக் கப்பல்களில் எதுவும் எந்த யுத்தத்திலும் எந்த எதிரியையும் தாக்கவில்லை. ஆனால் ஜகாரோப் ஒரு விஷயத்தைக் கற்றுக் கொண்டார். ஒருவனுக்கு விற்றால், அவனுடைய எதிரி தானாகவே அடுத்த வாடிக்கைக்காரன் ஆகிவிடுகிறான்!

மாக்சிம் ஏமாந்த கதை

அந்தச் சமயத்தில் ஹிராம் மாக்சிம் என்ற அமெரிக்கர் லண்டனில் ஒரு யந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தார். துப்பாக்கி சுடும்போது பின்னால் உதைக்கும் அல்லவா? அந்த உதையின் வேகத்தாலேயே அடுத்த குண்டு தானாக ஏறி வெடிக்கும். விசையை அழுத்திப் பிடித்தால் போதும். நிமிஷத்துக்கு 600 குண்டு!

நார்டன்பெல்ட் துப்பாக்கியைக் கையால் இயக்க வேண்டும். அது மாக்சிம் துப்பாக்கிக்கு முன் எப்படி நிற்கும்?

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் மாக்சிம் தம் துப்பாக்கியைச் சுட்டுக் காட்டினார். எல்லோரும் அசந்து போனார்கள். அப்போது பத்திரிகை நிருபர்கள் பக்கத்தில் ஜகாரோப் நின்றார் என்றும், சுட்டது நார்டன்பெல்ட் துப்பாக்கி என்று அவர்களிடம் சொல்லிவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. ராணுவ அதிகாரிகளிடம் வேறு விதமாகப் பேசினாராம். இதை மாக்சிம் ஒருவரால்தான் செய்ய முடியும், ஆயிரக்கணக்கில் செய்ய முடியாது என்று கலைத்துவிட்டாராம். 1888-ல் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகச் சேர்ந்தன. ஜகாரோப் கையில் இப்போது மாக்சிம் துப்பாக்கி!

1897-ல் அந்தக் கம்பெனியை இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனி வாங்கியது. ஜகாரோப் அதன் முக்கியப் புள்ளியானார். பங்கு, கமிஷன் இரண்டும் குவிந்தன. 1899-ல் தென் ஆப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டது. போயர்களிடம் இங்கிலாந்தில் செய்த மாக்சிம் பீரங்கிகள் இருந்தன. அவற்றின் குண்டுக்கு ஆங்கிலச் சிப்பாய்களே பலியானார்கள்.

விக்கர்ஸ் கம்பெனி ஜப்பானுக்கு மிகாசா என்ற போர்க்கப்பலைக் கட்டியது. 1905-ல் ருஷியக் கடற்படையை ஜப்பான் முறியடித்தபோது தளபதியின் கப்பல் அதுதான். தோற்ற ருஷியாவுக்கும் அதே கம்பெனி ரூரிக் என்ற கப்பலைக் கட்டிக் கொடுத்தது!

முதல் மகாயுத்தம் 1914 முதல் 1918 வரை நடந்தது. சுமார் 90 லட்சம் போர்வீரர்கள் மாண்டார்கள். அதில் ஜகாரோப் நேச நாடுகளின் பக்கம் நின்று ரகசிய வேலைகள் செய்தார். இங்கிலாந்து பட்டம் கொடுத்தது. பிரான்ஸ் தன் மிகப் பெரிய விருதைக் கொடுத்தது. பாரிசிலும் லண்டனிலும் விமானக் கல்விக்கும், ஆக்ஸ்போர்டில் பிரெஞ்சு இலக்கியத்துக்கும் அவர் பணம் கொடுத்தார். பீரங்கிப் பணத்தில் இலக்கியம்!

பிறந்த மண் எரிந்தது

இத்தனை காலமும் யார் ஜெயித்தாலும் தோற்றாலும் ஜகாரோப்புக்குக் கவலை இல்லை. ஒரே ஒரு யுத்தத்தில்தான் அவர் மனம் ஒரு பக்கம் சாய்ந்தது. அந்த யுத்தம்தான் அவரைத் தோற்கடித்தது.

மகாயுத்தத்தில் துருக்கி தோற்றது. துருக்கியின் மேற்குக் கரையில் லட்சக்கணக்கான கிரேக்கர்கள் பல தலைமுறையாக வாழ்ந்தார்கள். ஜகாரோப் பிறந்த முக்லாவும் அந்தப் பக்கத்து ஊர்தான். அந்தப் பகுதியைக் கிரீசோடு சேர்க்க வேண்டும் என்று கிரேக்கப் பிரதமர் வெனிசெலோஸ் ஆசைப்பட்டார். ஜகாரோப் தம் பணப்பெட்டியைத் திறந்துவிட்டார். இங்கிலாந்துப் பிரதமர் லாயிட் ஜார்ஜும் கிரீசை ஆதரித்தார்.

1919 மே மாதம் கிரேக்கப் படை ஸ்மிர்னா துறைமுகத்தில் இறங்கியது. இன்றைய இஸ்மீர் நகரம் அது. படை உள்நாட்டுக்குள் வெகுதூரம் போனது. துருக்கியர்கள் கமால் பாஷாவின் தலைமையில் திருப்பித் தாக்கினார்கள். 1922 செப்டம்பரில் துருக்கிப் படை ஸ்மிர்னாவுக்குள் நுழைந்தது. நகரம் தீப்பற்றி எரிந்தது. பின்னால் நெருப்பு, முன்னால் கடல். பல்லாயிரம் கிரேக்கர்களும் ஆர்மீனியர்களும் துறைமுகக் கரையில் நின்று கதறினார்கள்.

அக்டோபரில் லாயிட் ஜார்ஜ் பதவி இழந்தார். 1923-ல் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அதன்படி துருக்கியில் இருந்த கிரேக்கர்கள் கிரீசுக்கும், கிரீசில் இருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் போக வேண்டும். முன்பே ஓடி வந்தவர்களையும் சேர்த்து, சுமார் 12 லட்சம் கிரேக்கர்கள் வீடு வாசலை இழந்தார்கள். எதிர்ப்பக்கம் சுமார் 4 லட்சம் முஸ்லிம்கள் அதே கதியை அடைந்தார்கள். முக்லாவிலும் கிரேக்கர் குடியிருப்பு இல்லாமல் போயிற்று.

அவர்களுக்காக என்று செலவு செய்த யுத்தத்தில் அவர்களே ஊரை இழந்தார்கள். சிறுவயதில் பார்த்த தீயில் பேரம் பேசலாம். ஸ்மிர்னாவில் எரிந்த தீயில் யாரும் பேரம் பேச முடியவில்லை.

காத்திருந்து கட்டிய தாலி

ஜகாரோப்பின் வாழ்க்கையில் ஒரு காதலும் உண்டு. ஸ்பெயின் நாட்டுச் சீமாட்டி ஒருத்தி. பெயர் மரியா. ராஜ குடும்பத்து இளவரசர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவருக்குச் சித்தப்பிரமை. அவர் உயிரோடு இருக்கும்வரை மறுமணத்துக்கு வழி இல்லை. ஜகாரோப் 30 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். 1923-ல் இளவரசர் இறந்தார். 1924-ல் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வயது 74!

அந்தச் சமயத்தில் மான்டி கார்லோ சூதாட்ட மாளிகையும் அவர் கைக்கு வந்திருந்தது. ஆனால் 1926-ல் மரியா இறந்துவிட்டாள். அதோடு அவர் ஓய்ந்து போனார். தம் வாழ்க்கைக் குறிப்புகளைத் தாமே தீயிட்டுக் கொளுத்தினார் என்று சொல்வார்கள்.

சாக்கோ காட்டில் தாகம்

இனி படக்கதையில் வரும் யுத்தம். அதுவும் கற்பனை அல்ல. தென் அமெரிக்காவில் பொலிவியா, பராகுவே என்று இரண்டு நாடுகள். இரண்டுமே ஏழை நாடுகள். இரண்டுக்கும் கடற்கரை கிடையாது. நடுவில் சாக்கோ என்ற பெரிய முட்காடு. குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே அரிது. அங்கே பூமிக்கு அடியில் பெட்ரோல் இருக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியும் ஐரோப்பிய எண்ணெய்க் கம்பெனியும் ஆளுக்கொரு நாட்டைத் தூண்டிவிட்டன என்று உலகமே பேசிக்கொண்டது.

பொலிவியா 1926-லேயே விக்கர்ஸ் கம்பெனியிடம் பெரும் தொகைக்கு ஆயுதம் வாங்க ஒப்பந்தம் செய்திருந்தது. 1932-ல் யுத்தம் மூண்டது. மலைநாட்டில் பிறந்த பொலிவியச் சிப்பாய்கள் அந்த வெயிலைத் தாங்கவில்லை. குண்டில் செத்தவர்கள் பாதி, தாகத்திலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் மீதி என்று சொல்லும்படி ஆயிற்று. வீழ்ந்தவர்களின் விக்கர்ஸ் துப்பாக்கிகளைப் பராகுவே வீரர்கள் எடுத்துத் திருப்பிச் சுட்டார்கள். 1935 ஜூன் மாதம் சண்டை நின்றது. இரு தரப்பிலும் சேர்த்து சுமார் ஒரு லட்சம் பேர் இறந்திருந்தார்கள். அவர்கள் உயிரைக் கொடுத்த காட்டில் அப்போது பெட்ரோல் கிடைக்கவில்லை!

அந்த நாளில் ஜகாரோப் தள்ளாத கிழவர். சக்கர நாற்காலியில் இருந்தார். ஆனால் இரு தரப்புக்கும் விற்கும் வித்தை என்றால் உலகத்துக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. அமெரிக்க செனட் சபை 1934-ல் ஆயுத வியாபாரத்தைப் பற்றி விசாரித்தபோது அவருடைய கடிதங்களும் வெளியே வந்தன.

1935 டிசம்பர் மாதம் பெல்ஜியத்தில் ஒரு பத்திரிகையின் சிறுவர் பகுதியில் 'உடைந்த காது' தொடங்கியது. ஹெர்ஜேக்கு அப்போது வயது 28. சாக்கோ என்ற பெயரைச் சாப்போ என்று மாற்றினார். விக்கர்சை விக்கிங் ஆக்கினார். பெட்ரோலுக்காக யுத்தத்தைத் தூண்டும் கம்பெனிக்காரரையும் வரைந்தார். அவன் நீட்டும் லஞ்சத்தை டின்டின் வாங்க மறுக்கிறான். பெரிய அரசாங்கங்கள் பட்டம் கொடுத்துக் கௌரவித்த மனிதரை, ஒரு சிறுவர் பத்திரிகை நாலு கட்டத்தில் தோலுரித்துக் காட்டியது.

கதை பாதி நடந்து கொண்டிருக்கும்போதே, 1936 நவம்பர் 27-ந் தேதி, மான்டி கார்லோவில் ஜகாரோப் இறந்தார். வயது 87. பிரான்சில் இருந்த அவருடைய பண்ணை மாளிகையில், மனைவியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

படக்கதை 1937 பிப்ரவரியில் முடிந்தது. பொலிவியாவும் பராகுவேயும் 1938 ஜூலை மாதம் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. எல்லைக் கோட்டை அளந்து முடித்து, கடைசிப் பத்திரத்தை இரு நாட்டு ஜனாதிபதிகளும் பெற்றுக் கொண்டது 2009-ம் ஆண்டு ஏப்ரல் மாதம்.