மேடையே வீடாக வாழ்ந்த ஔவை சண்முகம்

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பல உண்டு. ஒருவர் மண் பிசைவார். ஒருவர் அச்சில் வார்ப்பார். ஒருவர் பொம்மைக்கு வர்ணம் தீட்டுவார். குடும்பமே சேர்ந்து ஒரு தொழில் செய்வது நம் நாட்டுக்குப் புதிதல்ல.

ஆனால் ஒரு குடும்பமே சேர்ந்து நாடகம் ஆடினால்? அந்தக் காலத்தில் ஊர் சிரிக்கும். கூத்தாடி என்று ஏளனம் செய்யும். பெண் கொடுக்க யோசிக்கும். அந்த ஏச்சையெல்லாம் தாங்கிக்கொண்டு தமிழ் மேடையில் நிமிர்ந்து நின்ற நான்கு அண்ணன் தம்பிகள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்று நால்வர். இவர்களில் மூன்றாமவரே ஔவை சண்முகம்.

1912-ம் ஆண்டு திருவனந்தபுரத்தில் பிறந்தார் சண்முகம். தந்தை கண்ணுசாமிப் பிள்ளை நாடக நடிகர். ஸ்திரீபார்ட் போட்டுப் பெயர் வாங்கியவர். 1918-ம் ஆண்டு மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டு ஒரு நாடகக் கம்பெனி தொடங்கினார். தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்பது அதன் பெயர். அண்ணன்மார் இருவருடன் சண்முகமும் அதில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஆறு! பகவதி அன்று சின்னஞ்சிறு குழந்தை. அவர் பின்னால் வந்து சேர்ந்தார்.

பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. உண்பதும் உறங்குவதும் கம்பெனி வீட்டில். பகலெல்லாம் பாட்டும் வசனமும் பாடம். இரவில் நாடகம். பெண் வேடமும் சிறுவர்களே போடவேண்டும். விளையாடும் வயதில் விடிய விடியக் கண் விழிக்கவேண்டும். கலை வளர்ந்தது உண்மைதான். அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டையும் நாம் மறக்கக் கூடாது.

சுவாமிகள் சாமானியர் அல்ல. முன்பு அவர் சனீசுவரன் வேடம் போட்டு வந்ததைக் கண்டு ஒரு கர்ப்பிணி அஞ்சி, கரு கலைந்துவிட்டதாம். அன்றோடு வேடம் கட்டுவதையே விட்டார் என்பார்கள். அப்படிப்பட்டவர் சிறுவன் சண்முகத்தின் திறமையைக் கண்டு மகிழ்ந்தார். அவன் நடிப்பதற்கென்றே ஒரு நாடகம் எழுத உட்கார்ந்தார். விளக்கு எரிந்தது. எழுதுகோல் நிற்கவில்லை. பொழுது விடிந்தபோது அபிமன்யு சுந்தரி முழு நாடகமும் ஆயத்தம்! ஒரே இரவில் எழுதிய அந்த நாடகத்தின் அபிமன்யு, நம் சண்முகம்தான்.

பிறகு சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. ஆயிரக்கணக்கில் பாட்டுக் கட்டிய வாய் பேச்சிழந்தது. 1922-ம் ஆண்டு புதுச்சேரியில் காலமானார்.

ஆசானை இழந்த சகோதரர்கள் என்ன செய்வது? வேறு தொழில் தெரியாது. பிரிந்து போனால் ஆளுக்கு ஒரு கம்பெனியில் கூலிக்கு நடிக்கலாம். அவர்கள் பிரியவில்லை. 1925-ம் ஆண்டு திருவனந்தபுரத்தில் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை என்று பெயர் வைத்தார்கள். மூத்தவர் சங்கரன் நிர்வாகத்தைச் சுமந்தார். முத்துசாமி நாடகம் எழுதினார். சண்முகமும் பகவதியும் முக்கிய வேடங்களை ஏற்றார்கள். வசூல் உள்ள ஊரும் உண்டு. இல்லாத ஊரும் உண்டு. வசூல் இல்லாவிட்டாலும் அத்தனை பேருக்கும் உலை வைத்தாகவேண்டுமே! கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அந்தக் கம்பெனியில் வளர்ந்தவர்தான்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் வெ. சாமிநாத சர்மாவின் பாணபுரத்து வீரன் நாடகத்துக்குத் தடை இருந்தது. சகோதரர்கள் அஞ்சவில்லை. 1931-ம் ஆண்டு அதைத் தேசபக்தி என்று பெயர் மாற்றி மேடை ஏற்றினார்கள். 1935-ம் ஆண்டு மேனகா படத்தில் நால்வரும் சேர்ந்தே நடித்தார்கள். அதில் முத்துசாமிக்குப் பெண் வேடம்!

சண்முகத்துக்கு அழியாத பெயர் தந்தது ஔவையார் நாடகம். முப்பது வயது இளைஞர் கூன் விழுந்த கிழவியாக மேடைக்கு வந்தார். கோல் ஊன்றி நடந்தார். குரல் நடுங்கப் பாடினார். ஆண் என்பதையே ஜனங்கள் மறந்தார்கள். அன்று முதல் டி.கே. சண்முகம் ஔவை சண்முகம் ஆனார். அரசரும் கடவுளருமாக எத்தனையோ வேடம் போட்டவருக்கு ஒரு பாட்டியின் பெயரே நிலைத்தது, பாருங்கள்!

1955-ம் ஆண்டு அரு. ராமநாதன் எழுதிய ராஜராஜ சோழன் நாடகத்தை மேடை ஏற்றினார்கள். அதில் மன்னர் வேடத்தை ஏற்றவர் தம்பி பகவதி. அண்ணன் பெயர் பெற்றவர் என்பதற்காகத் தம்பியின் வேடத்தைப் பறித்துக்கொள்ளும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

1971-ம் ஆண்டு அரசு சண்முகத்துக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. தாம் பட்டதையும் பார்த்ததையும் எனது நாடக வாழ்க்கை என்ற நூலாக எழுதி வைத்தார். 1973-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் காலமானார்.

அடுத்த மாதமே ராஜராஜ சோழன் திரைப்படமாக வெளிவந்தது. சிவாஜி கணேசன் மன்னராக நடித்தார். படத்தை இயக்கிய ஏ.பி. நாகராஜன், சிறுவனாக டி.கே.எஸ். கம்பெனியில் வேடம் போட்டவர். அந்தப் படத்தைப் பார்க்கச் சண்முகம் இல்லை. சென்னையில் லாயிட்ஸ் சாலைக்கு இன்று ஔவை சண்முகம் சாலை என்று பெயர்.