தென்கச்சியார் என்னும் வானொலி நண்பர்

மலர்க் குழுவினர் போன் பண்ணி, மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். விஞ்ஞானி, தொழிலதிபர் என்று யாரையாவது எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு வானொலிக்காரரை. மெக்கானிக்கல் படித்துவிட்டுக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவனுக்கு ரேடியோக்காரர் மேல் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அதற்கு முன் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு பொன்னேரியில். அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் ஸ்கூல் படிக்கும் காலத்தில், ஜன்னல் ஓரம் டிரான்சிஸ்டரை வைத்துவிட்டுத்தான் அவர் ஷேவ் செய்ய உட்காருவார். சென்னை வானொலியில் 'இன்று ஒரு தகவல்' ஆரம்பித்தால் ரேசர் அப்படியே நின்றுவிடும். அம்மாவும் அடுப்பைக் குறைத்துவிட்டு வருவார். சில நிமிஷம்தான். முடியும்போது வீடே சிரிக்கும். அப்புறம் அவரவர் ஓட்டம். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்தான் தென்கச்சி கோ. சுவாமிநாதன்.

இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள தென்கச்சிப்பெருமாள்நத்தம் அவருடைய சொந்த ஊர். அந்த ஊர்ப் பெயரின் முன்பாதியைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். காலப்போக்கில் ஊர்ப்பெயரே ஆளின் பெயராகிவிட்டது. தமிழ்நாடு முழுக்கத் தென்கச்சி என்றால் அவர்தான்.

அவர் படித்தது இலக்கியமும் அல்ல, இதழியலும் அல்ல. கோவையில் வேளாண்மைப் பட்டம் பெற்றவர். விவசாயத்துறை வேலையையும் சொந்த ஊர் வயலையும் பார்த்த பிறகே வானொலிக்கு வந்தார். 1977-ல் திருநெல்வேலி வானொலி நிலையத்தில் சேர்ந்தார். 1984-ல் சென்னைக்கு மாற்றலாகி வந்தார். விவசாயிகளுக்கான நிகழ்ச்சிகள்தாம் அவருடைய ஆரம்பகால வேலை.

இந்த இடத்தில் இன்றைய மாணவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். பிசினஸ் நிகழ்ச்சி என்றால் ஷேர் மார்க்கெட்டும் மியூச்சுவல் ஃபண்டும்தான் என்று நினைக்கிறோம். தமிழ் வானொலியில் பணம் சம்பந்தப்பட்ட பேச்சை முதன்முதலில் பெரிய அளவில் கொண்டுபோனது விவசாய ஒலிபரப்புதான் என்பேன். எந்த விதை, ஏக்கருக்கு எத்தனை கிலோ, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, இன்றைய சந்தை விலை என்ன என்பதெல்லாம் அதில் வரும். 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம், திருச்சி வானொலி மூலம் பரவியதாலேயே ரேடியோ நெல் என்று பெயர் வாங்கியது. கேட்பவன் கையில் இருப்பது ஒரு வருஷச் சாப்பாடு. அறிவிப்பாளர் மருந்தின் அளவைத் தப்பாகச் சொன்னால் பயிர் கருகிப் போகும். அந்தப் பொறுப்பில் பழகிய நாக்கு, பிற்பாடு எதைச் சொன்னாலும் அளந்துதான் சொல்லும்.

1988-ல் 'இன்று ஒரு தகவல்' தொடங்கியது. அது எப்படிப்பட்ட காலம் என்று யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷன் ராமாயணமும் மகாபாரதமும் தெருவையே காலி செய்துகொண்டிருந்தன. 1993-ல் சன் டிவி வந்தது. ரேடியோவின் கதை முடிந்தது என்று பலரும் பேசினார்கள். அந்த நேரத்தில், பாட்டு இல்லாமல், நடிகர் பேட்டி இல்லாமல், ஒரே ஒரு மனிதர் பேசும் சில நிமிடங்களுக்காக ஜனங்கள் காத்திருந்தார்கள்.

அவருடையது கம்பீரமான குரல் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரல். அவசரமே கிடையாது. உடல்நலம், மனநலம், வரலாறு, அறிவியல் என்று ஏதாவது ஒரு சங்கதியை எடுத்துக்கொள்வார். படித்ததைத் தன் பேச்சுமொழிக்கு மாற்றிக்கொள்வார். தகவலைச் சொல்லி, அதற்குப் பொருத்தமாக ஒரு குட்டிக்கதையில் கொண்டுவந்து முடிப்பார். கதையின் கடைசி வரியில் ஒரு திருப்பம் இருக்கும். நமக்குச் சிரிப்பு வரும். அவர் மட்டும் சிரிக்கமாட்டார்! பெரும்பாலான கதைகளில் ஏமாறுகிற ஆள், அசடு வழிகிற ஆள் நம்மைப் போன்ற ஒருத்தராகவே இருப்பார். அதனால் புத்தி சொன்ன மாதிரியே தெரியாது.

இந்தப் பேச்சுகள் பல தொகுதிகளாகப் புத்தகமாகவும் வந்தன. 2002-ல் வானொலிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பிறகு சன் டிவியில் 'இந்த நாள் இனிய நாள்' வழியாகக் குரலோடு முகமும் வீட்டுக்குள் வந்தது. 2009 செப்டம்பர் 16 அன்று சென்னையில் காலமானார். அப்போது நான் நம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கவரைப்பேட்டையில் மின்சார ரயிலைவிட்டு இறங்கும்போது அப்பா போன் பண்ணிச் சொன்னார். சொந்தக்காரர் போனது போல அவர் குரல் கம்மியிருந்தது.

இனி காரணத்துக்கு வருகிறேன்.

2014-ல் நடந்தது இது. ஜி.என்.டி. ரோட்டில் புதுவாயல், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று வரிசையாக மனைகள் போட்டார்கள். சனி, ஞாயிறு காலைகளில் மனை விற்பனை நிகழ்ச்சிகள் போட்டி போட்டுக்கொண்டு வரும். ஒரே நேரத்தில் இரண்டு வரும். அப்பா இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிக் கேட்பார். அதில் ஒரு அறிவிப்பாளர் ரொம்ப நன்றாகப் பேசினார். அதே திண்ணைப் பேச்சு, அதே நிதானம், நடுநடுவே ஒரு குட்டிக்கதை. அப்பா என்னைக்கூடக் கேட்காமல் இரண்டு லட்சம் அட்வான்ஸ் கட்டிவிட்டார். அவருடைய ஓய்வுக்காலப் பணம் அது. பிறகு விசாரித்தால், மனைக்குப் போகும் பாதை ஏரிப் புறம்போக்கு. லேஅவுட்டுக்கு அப்ரூவலும் இல்லை. நடையாய் நடந்து பாதிதான் திரும்பி வந்தது.

அப்பா சொன்ன சமாதானம் ஒன்றே ஒன்று. ரேடியோவில் சொன்னார்களே, தப்பாகவா இருக்கும் என்பதுதான்.

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. ரேடியோவில் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை அப்பாவுக்குச் சும்மா வரவில்லை. தென்கச்சியாரைப் போன்றவர்கள் வருஷக்கணக்கில், காலைக்குக் காலை, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்த நம்பிக்கை அது. வேறொருவர் வந்து, அதே தொனியில் பேசி, அதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செலவழித்துவிட்டுப் போய்விட்டார். குரலை யாரும் காப்பியடிக்கலாம். கேட்பவன் நஷ்டப்படக்கூடாது என்ற கவலையைக் காப்பியடிக்க முடியாது.

விளம்பரம் செய்வது குற்றம் என்று நான் சொல்லவில்லை. விவித் பாரதியே 1967 முதல் விளம்பரம் வாங்குகிறது. யார் காசில் பேசுகிறோம் என்பதை மறைப்பதுதான் தப்பு. நல்ல வேளையாக இன்று சட்டமும் கொஞ்சம் துணைக்கு வந்திருக்கிறது. 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்யவேண்டிய மனைத் திட்டங்களைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யக்கூடாது. காசு வாங்கிக்கொண்டு பங்குச்சந்தை யோசனை சொல்வதானால் செபியில் பதிவு வேண்டும். கேட்பவர்கள் முதலில் அந்தப் பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். அதற்குப் பிறகு குரலை ரசிக்கலாம்.

தம்பி தங்கைகளில் பலர் இன்று வாரக்கடைசியில் பாட்காஸ்ட் செய்கிறீர்கள். தொழில் தொடங்குவது எப்படி, பணம் சேர்ப்பது எப்படி என்று பேசுகிறீர்கள். சந்தோஷம். ஆனால் தென்கச்சியார் வயலைப் பார்த்த பிறகு மைக்கைப் பார்த்தவர் என்பதை மறக்கவேண்டாம். தெரிந்ததைப் பேசுங்கள். கேட்பவர் ஒரே ஒரு ஆள், அவர் கையில் இருப்பது அவருடைய சேமிப்பு என்று நினைத்துப் பேசுங்கள். அவரைவிட நாம் புத்திசாலி என்ற தொனி வேண்டாம்.

தினமும் காலை ஷிஃப்டில் நாற்பது தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பேச்சு நடத்துவது என் வேலை. முன்பெல்லாம் பேப்பரைப் பார்த்து வாசிப்பேன். அவர்கள் வாட்சைப் பார்ப்பார்கள். இப்போது நானே போய்ப் பார்த்த ஒரு மிஷின், அதில் ஒரு ஆபத்து, கடைசியில் ஒரு சின்னக் கதை. ஐந்து நிமிஷத்துக்கு மேல் போவதில்லை. வாட்சைப் பார்ப்பது குறைந்திருக்கிறது.

மனை விஷயத்துக்குப் பிறகு அப்பா ரேடியோவைப் பரண் மேல் போட்டுவிட்டார். போன வருஷம் 'இன்று ஒரு தகவல்' பழைய ஒலிப்பதிவுகளை அவருடைய செல்போனில் ஏற்றிக் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றார். மறுநாள் காலை எட்டிப் பார்த்தால், கன்னத்தில் சோப்பு நுரையோடு, ரேசரைக் கையில் பிடித்தபடி, கதை முடிவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.