இராமானுசரும் அவர்தம் முதல் ஆசிரியரும்

வைணவம் தழைக்க வந்த ஸ்ரீ இராமானுசர் 1017ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூரில் கேசவ சோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் திருமகனாராக அவதரித்தார். திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மீதேறித் திருமந்திரத்தை யாவர்க்கும் வழங்கிய அவர்தம் கருணை மேடைதோறும் பேசப்படுவது. முதல் ஆசிரியரிடம் அவர் பட்ட துன்பமோ அத்துணைப் பேசப்படுவதில்லை.

காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியில் யாதவப்பிரகாசர் என்னும் வேதாந்தப் பேரறிஞர் பாடம் சொல்லி வந்தார். தந்தையை இழந்த இளைஞர் இராமானுசர் அவரையே நம்பி அடைந்தார். ஒருநாள் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, இறைவனின் திருக்கண்களைக் குறிக்கும் உபநிடதச் சொல் ஒன்றுக்குக் குரங்கின் பின்புறத்தை உவமையாக்கி அவர் பொருள் உரைத்தார். சீடர் எதிர்த்துப் பேசினாரில்லை. அவர் விட்ட கண்ணீர் ஆசிரியரின் தொடைமீது சுடச்சுட வீழ்ந்தது. காரணம் வினவிய பின்னரே, கதிரவனால் மலர்ந்த தாமரை என்பதே பொருள் எனப் பணிவுடன் விளக்கினார்.

அன்று ஆசிரியர் உள்ளத்தில் புகுந்தது பொறாமை. அதனை அவர் பொறாமை என்று ஒப்புக்கொண்டாரல்லர். தம் சித்தாந்தத்திற்கு நேர்ந்த ஆபத்து என்றே கருதினார். மற்ற மாணாக்கரும் உடன்பட்டனர். காசி யாத்திரை என அழைத்துச் சென்று கங்கையில் அமிழ்த்திவிடுவது, அப்பாவத்தை அக்கங்கையிலேயே நீராடிப் போக்கிக்கொள்வது என்று முடிவு செய்தனர். கற்ற கல்வி எவ்வளவு வசதியாகத் துணைநின்றது!

இராமானுசருக்குச் சிறிதும் ஐயம் எழவில்லை. குருவை ஐயுறுவதே பாவம் என்று வளர்ந்த பிள்ளைக்கு எங்ஙனம் எழும்? விந்தியக் காட்டில், சிற்றன்னையின் மகனாகிய கோவிந்தர் இரகசியத்தைத் தனியே உரைத்துத் தப்பச் செய்தார். பேரருளாளனும் பெருந்தேவித் தாயாரும் வேடுவத் தம்பதியராக வழித்துணை வந்து காஞ்சியில் சேர்த்தனர் என்பது குருபரம்பரை நூல்கள் காட்டும் வரலாறு.

வியப்பு யாதெனில், யாதவர் திரும்பிவந்து அழைத்தபோது இராமானுசர் மீண்டும் அதே பாடசாலைக்குச் சென்றார். நம்பிய ஆசிரியரை விட்டு நீங்குவது அத்துணை எளிதன்று. வேதப் பொருளில் மீண்டும் வேறுபாடு முற்றிய பின்னரே பிரிவு நேர்ந்தது. அதன்பின் திருக்கச்சி நம்பிகளின் சொற்படி, வரதராசப் பெருமாளுக்குச் சாலைக் கிணற்றுத் தீர்த்தம் சுமக்கும் கைங்கரியத்தை மேற்கொண்டார்.

ஆண்டுகள் கழிந்தன. மன அமைதி இழந்த யாதவப்பிரகாசர், தம் அன்னையாரின் தூண்டுதலால், துறவு பூண்டிருந்த பழைய மாணவரையே நாடி வந்தார். இராமானுசர் அவரைச் சீடராக ஏற்றுக் கோவிந்த ஜீயர் என்று திருநாமம் சூட்டினார். காட்டில் தம் உயிரைக் காத்த தம்பியின் பெயரும் கோவிந்தரே. துறவியர் ஒழுக்கம் பற்றி ஒரு நூல் இயற்றுமாறும் பணித்தார். முதுமையில் கோவிந்த ஜீயர் எழுதி முடித்த அந்நூலின் பெயர் யதிதர்ம சமுச்சயம்.