தேசிங்கு ராசனும் தோழன் கல்லறையும்

தேசிங்கு என்பது தேஜ்சிங் என்னும் வடபுலப் பெயரின் தமிழ் வடிவம். தந்தை சுவரூப்சிங் புந்தேல்கண்டத்து இராசபுத்திரர். ஏழாண்டுகளுக்கு மேல் நீண்ட முற்றுகைக்குப் பின் 1698இல் மொகலாயர் வசமான செஞ்சிக்கு, 1700இல் அவரைக் கோட்டைத் தலைவராக அமர்த்தினார் ஔரங்கசீப்.

1714இல் தந்தை மறைய, மகன் பொறுப்பேற்றார். ஔரங்கசீப் தந்தைக்கு அளித்த ஆணை தமக்கும் உரியது என்பது அவர் வாதம்; அவ்வுரிமையை ஏற்க மறுத்து, பல ஆண்டுத் திறை நிலுவையையும் கேட்டு நின்றார் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான். அடிபணிந்திருந்தால் உயிரும் பதவியும் ஓரளவேனும் தப்பியிருக்கும். தேசிங்கு பணியவில்லை.

நவாபின் பெரும்படையைச் சில நூறு வீரருடன் எதிர்கொண்டார். சிங்கவரத்து அரங்கநாதர் போருக்கு விடைதராது முகம் திருப்பிக்கொண்டார் என்பது செவிவழிக் கதை. திருமணக் கோலத்தில் இருந்த தோழன் மகபத்கான் அழைப்புக் கேட்டதும் களம் புகுந்தான் என்கிறது கதைப்பாடல். 1714 அக்டோபர் 3ஆம் நாள் இருவரும் களத்தில் மாண்டனர். தேசிங்குக்கு வயது 22 என்பர்.

செட்டிக்குளக்கரையில் அவர் உடல் எரியூட்டப்பட்டது. இளம் மனைவியும் உடன்கட்டை ஏறினார். அந்த அரசியின் நினைவாகவே நவாபு இராணிப்பேட்டையை அமைத்தார் என்பது வழக்கு. களத்தை அடுத்த நீலாம்பூண்டியில் மகபத்கானின் கல்லறை உள்ளது. அரசனின் குதிரைக்கும் அங்கேயே சமாதி காட்டுவர். இராசபுத்திரனுக்காக உயிர்விட்ட இசுலாமியத் தோழனின் கல் மூன்று நூற்றாண்டு மழையிலும் வெயிலிலும் தேய்ந்து நிற்கிறது.

தேசிங்கு தமிழரல்லர், ஆண்டது ஓராண்டுக்கும் குறைவு, வென்ற போர் எதுவுமில்லை. மேலிடத்துக் கணக்கில் அவர் திறை செலுத்தாத ஒரு கோட்டைத் தலைவர். பெயர் தெரியாத நாட்டுப்புறப் புலவர்களே அவரை ராசன் ஆக்கினார்கள். சமயம் பாராத நட்பையும் மானத்தையும் கண்டு, அயல்மொழி இளைஞனைத் தம் பிள்ளையாகத் தத்தெடுத்தார்கள். ஊர்தோறும் பாடினார்கள். வென்ற நவாபின் பெயரையும் பலர் அப்பாட்டின் வழியாகவே அறிவர்.

2025இல் செஞ்சிக் கோட்டை யுனெசுகோவின் உலக மரபுப் பட்டியலில், மராட்டியப் படையரண்களுள் ஒன்றாக இடம்பெற்றது. அப்பெருமை கோட்டை மதில்களுக்கு உரியது. தோற்ற அரசனையும் அவன் தோழனையும் மறதியிலிருந்து காத்தது பாட்டு. கவிஞர்காள், நமக்கு முன்னோர் விட்டுச்சென்ற பணி இதுவே.