பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 - ஜூலை 8, 2003) தமிழ்நாட்டில் பிறந்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஆங்கிலேய எலும்பு மூட்டு மற்றும் கை அறுவை மருத்துவர் ஆவார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையின் மூலம் மீண்டும் இயங்கச் செய்த முன்னோடிகளுள் ஒருவர். தொழுநோயாளரின் விரல்களும் மூட்டுகளும் சிதைவதற்கு வலி உணர்வு அற்றுப்போவதே முதன்மைக் காரணம் என்று எடுத்துக்காட்டியது இவரது முக்கியப் பங்களிப்பாகும்.

இளமைக் காலம்

கொல்லி மலையில் சமயப் பணியும் மருத்துவ உதவியும் செய்துவந்த ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் இணையரின் மகனாகப் பிறந்தார். 1923 இல் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929 இல் தந்தை மலையிலேயே காய்ச்சலால் இறந்தார். பிராண்ட் முதலில் கட்டடத் தொழிலும் தச்சு வேலையும் பயின்றார். பின்னரே லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவம் கற்றார். இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குண்டுவீச்சில் காயமுற்றோருக்கு அறுவை மருத்துவம் செய்தார். 1943 இல் உடன் பயின்ற மார்கரெட்டை மணந்தார். மார்கரெட் பின்னாளில் தொழுநோயாளரின் கண் மருத்துவத்தில் வல்லுநராக விளங்கினார்.

வேலூரில்

தொழுநோய் அறிஞர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பை ஏற்று, 1946 இல் பிராண்ட் வேலூருக்கு வந்தார். செங்கல்பட்டிலுள்ள தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல்கள் மடங்கிய ஒரு நோயாளியின் கையைப் பற்றிப் பார்த்தார். அக்கையின் பிடி எதிர்பாராத வலிமையுடன் இருந்தது. கை முழுவதும் செயலிழக்கவில்லை என்பதை இது காட்டியது.

தொழுநோய்க் கிருமி, உடலில் வெப்பம் குறைந்த, தோலுக்கு அண்மையிலுள்ள நரம்புப் பகுதிகளையே பெரிதும் தாக்குகிறது. முழங்கை அருகே அல்னார் நரம்பு பழுதுபட்டால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் நகம்போல் மடங்குகின்றன. ஆனால் முன்கையின் பல தசைகள் நலமாகவே இருக்கும். அத்தகைய நல்ல தசை ஒன்றின் தசைநாணை விரல்களுக்கு மாற்றி இணைத்தால் விரல்களை மீண்டும் நீட்டலாம். 1940களின் இறுதியில் பிராண்ட் இம்முறையைத் தொழுநோயாளருக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். அறுவைக்கு முன், இறுகிய மூட்டுகளைப் படிப்படியான மாவுக்கட்டுகளாலும் பயிற்சிகளாலும் தளர்த்துவது இம்முறையின் இன்றியமையாத பகுதியாகும்.

கை சீரானாலும் நோயாளிகளின் துன்பம் தீரவில்லை. மடங்கிய கையைக் காட்டிப் பிச்சை பெற்றவர்களுக்கு இப்போது அதுவும் கிடைக்கவில்லை, அவர்களுக்கு வேலை கொடுப்பாரும் இல்லை. எனவே 1951 இல் வேலூரில் நோயாளிகள் தங்கித் தச்சு வேலை கற்கும் நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டது. பிராண்டின் பழைய தச்சுப் பயிற்சி இங்கே பயன்பட்டது. 1955 இல் தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் ஆய்வு மருத்துவமனையின் வளர்ச்சியிலும் இவர் பங்கேற்றார்.

வலி பற்றிய ஆய்வு

நவஜீவ நிலையத்தில் புதிய காயம் ஒவ்வொன்றின் காரணமும் தேடப்பட்டது. சூடான பாத்திரம், இறுகப் பிடித்த சுத்தியல், பொருந்தாத செருப்பு முதலியன காரணங்களாகத் தெரியவந்தன. சிலருடைய விரல்களை இரவில் எலிகள் கடித்திருந்தன, உணர்வில்லாததால் அவர்கள் விழிக்கவில்லை. தீர்வாக நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன.

பாதப் புண்ணைத் தடுக்க நுண்துளை ரப்பர் செருப்புகள் வேலூர், கரிகிரி மையங்களில் உருவாக்கப்பட்டன. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய தோல் தொழில் நகரங்களைக் கொண்ட இவ்வட்டாரத்தில், செருப்பு ஒரு மருத்துவக் கருவியாகவும் ஆனது.

மூட்டழற்சியும் தொழுநோயும்

கை விரல்கள் உருக்குலைவதற்கு முடக்கு வாதமும் ஒரு காரணம் ஆகும். அதில் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கி வலிக்கும், காலையில் நெடுநேரம் விறைப்பு இருக்கும். தொழுநோயில் முதலில் பழுதுபடுவது நரம்பு. எனினும் தொழுநோயில் ஏற்படும் எதிர்வினைகளின்போது மூட்டுகள் வீங்கி வலிக்கலாம். முடக்கு வாதத்துக்கான இரத்தச் சோதனையும் சிலருக்கு நேர்மறையாக அமையலாம். எனவே உணர்வற்ற தோல் திட்டு, தடித்த நரம்பு ஆகியவற்றையும் மருத்துவர் தேடிப் பார்க்க வேண்டும். முடக்கு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளும் தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையும் அளிக்கப்படுகின்றன. இரண்டிலும் தொடக்கத்திலேயே மருத்துவம் செய்தால் உருக்குலைவைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

வலியற்ற பாதத்தில் மூட்டு நொறுங்கத் தொடங்கினாலும் நோயாளி நடந்துகொண்டே இருப்பார். அங்கு வீக்கமும் வெப்பமுமே எச்சரிக்கை. ஒரு பாதம் மற்றதைவிடச் சூடாக உள்ளதா என்று கையால் தொட்டும் கருவியால் அளந்தும் அறிவதைப் பிராண்ட் வலியுறுத்தினார். சூடான பாதத்துக்கு ஓய்வும் மாவுக்கட்டும் தரப்பட்டன.

அமெரிக்காவில்

1966 இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் மறுவாழ்வுப் பிரிவுத் தலைவரானார். பாதத்தோடு முழுவதும் ஒட்டியமையும் மாவுக்கட்டு முறை இந்தியாவிலும் இலங்கையிலும் முன்பே வழக்கில் இருந்தது. பிராண்ட் அதனை அமெரிக்காவில் பரப்பினார். நீரிழிவு நோயாளரின் உணர்வற்ற பாதங்களுக்கும் இவரது முறைகள் பயன்பட்டன. 1986 இல் ஓய்வு பெற்றுச் சியாட்டில் நகரில் வாழ்ந்து, அங்கேயே காலமானார்.

விருதுகளும் நூல்களும்

1952 இல் இங்கிலாந்து அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் ஹன்டேரியன் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1960 இல் லாஸ்கர் விருதும் 1961 இல் பிரித்தானிய அரசின் சி.பி.ஈ. பட்டமும் பெற்றார். கையின் இயக்கவியல் பற்றி 1985 இல் இவர் வெளியிட்ட நூல் கை அறுவை மருத்துவர்களாலும் இயன்முறை மருத்துவர்களாலும் பெரிதும் பயன்படுத்தப்பட்டது. எழுத்தாளர் பிலிப் யான்சியுடன் இணைந்து, வலி உடலைக் காக்கும் கொடை என்ற கருத்தை விளக்கும் நூலை 1993 இல் வெளியிட்டார்.